அலுக்காத கால்கள்

டாக்டர் ஆராவமுதன் மேடை ஏறினால் முதலில் ஒரு முழங்காலின் படத்தைத் திரையில் போடுவார். "இதை டிசைன் பண்ணின இன்ஜினீயர் யாருன்னு தெரியல. என்கிட்ட வேலை பார்த்திருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்" என்பார். கூட்டம் சிரிக்கும். அவர் சிரிக்க மாட்டார். இருபத்திரண்டு வருஷமாக எலும்பு மருத்துவர். ஆயிரக்கணக்கான முழங்கால்களைத் திறந்து பார்த்தவர். நான்கு காலில் நடந்த பிராணியின் மூட்டை அப்படியே நிமிர்த்தி இரண்டு காலில் நிறுத்தியதால் வந்த கோளாறு இது என்பது அவருடைய தீர்மானம்.

குதிரை நின்றபடியே தூங்கும். அதன் முழங்காலில் ஒரு நார் கொக்கி போல எலும்பில் மாட்டிக்கொள்வதால் தசைக்கு வேலையே இருப்பதில்லை. அந்த நாரை மனிதக் காலில் வளர்த்தால் என்ன என்று ஆராவமுதன் யோசித்தார். தொடைத் தசை நலிந்து, எழுந்து நிற்கவே முடியாத நோயாளிகளுக்காகத்தான் ஆரம்பித்தார். நோயாளியின் உடம்பிலிருந்தே கொஞ்சம் செல்களை எடுத்துப் பக்குவப்படுத்தி, முழங்காலிலும் கணுக்காலிலும் ஊசியாகப் போட்டால் ஆறு வாரத்தில் நார் வளர்ந்துவிடும். நேராக நின்றால் கால் பூட்டிக்கொள்ளும். பாதத்தை லேசாக உள்பக்கம் திருப்பினால் 'டக்' என்று பூட்டு விடும், நடக்கலாம். முதல் பன்னிரண்டு நோயாளிகளும் நின்றார்கள். பதினேழு வருஷம் சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்து அழுதார்.

ஆனால் அந்த நோய் உள்ளவர்கள் நாட்டில் சில ஆயிரம் பேர்தான். இவ்வளவு குறைந்த பேருக்காக ஒரு மருந்தைத் தொடர்ந்து தயாரிக்க முடியாது என்று அவர் வேலை பார்த்த மருந்து நிறுவனத்தின் இயக்குநர்கள் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் கோமதிநாயகம் அவரைத் தேடி வந்தார்.

கோமதிநாயகத்துக்குத் தாம்பரம் பக்கம் ஐந்து மாடி ஜவுளிக் கடை. சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"முந்நூறு பொண்ணுங்க நிக்குதுங்க டாக்டர். சட்டம் சொல்லுதுன்னு நாற்காலி போட்டிருக்கேன். ஆனா சேல்ஸ்ல இருக்கற பொண்ணு உட்கார்ந்திருந்தா கஸ்டமர் எழுப்பத் தயங்குவாங்க, அடுத்த கவுண்டருக்குப் போயிடுவாங்க. நிக்க வச்சா சாயங்காலத்துக்குள்ள கால் வலி வந்து முகம் சுண்டிப்போகுது. முகம் சுண்டுனா சேலை நகர மாட்டேங்குது."

"அவங்களுக்கு வியாதி ஒண்ணும் இல்லையே சார்."

"அலுப்பு வியாதி இல்லையா?"

அந்தக் கேள்வி ஆராவமுதனுக்குப் பிடித்துவிட்டது. அலுப்பும் அந்த இன்ஜினீயரின் தவறுகளில் ஒன்றுதானே என்று நினைத்துக்கொண்டார்.

ஒரே ஒரு சிக்கல் இருந்தது. நோயாளிகள் ஒரு மணி, இரண்டு மணி நேரம்தான் நின்றிருந்தார்கள். கடையில் பதினோரு மணி நேரம் நின்றால் பூட்டு தாங்கும், ஆனால் பாதம் எரியும். அதற்காகப் பாத நரம்புகளை மட்டுப்படுத்தும் மருந்து ஒன்றையும் சேர்த்தார். நான்கு ஊசி ஆறு ஊசி ஆனது. தனக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே இந்தச் சிறிய சேர்க்கைக்குக் கிடைத்ததை அவர் அதிகம் ரசித்தார்.

முப்பிடாதிக்கு அப்போது இருபத்தேழு வயது. சங்கரன்கோவிலுக்குத் தெற்கே ஒரு கிராமம். ஏழு வருஷமாக இரண்டாம் மாடியில் பட்டுச் சேலைப் பிரிவில் நின்றவள். கடைக்குப் பின்னாலேயே விடுதி. அங்கே அவளுடைய அறைத்தோழி ஜெபக்கனி, சாத்தான்குளத்துக்காரி. இரண்டு பேரும் வேலை முடிந்து வந்ததும் ஒருத்தி கெண்டைக்காலுக்கு மற்றவள் எண்ணெய் தேய்த்துவிட்டு, காலைச் சுவரில் தூக்கிச் சாய்த்துக்கொண்டு படுத்திருப்பார்கள்.

மாடி மேனேஜர் ஊசிக்கான சம்மதக் காகிதத்தை நீட்டி, "கட்டாயம் இல்லம்மா. போட்டுக்காதவங்க கீழ குடோன்ல மூட்டை பிரிக்கலாம்" என்றார். குடோனில் ஜன்னல் கிடையாது. முந்நூறு பேரில் இருநூற்றுப் பதினான்கு பேர் கையெழுத்துப் போட்டார்கள். முப்பிடாதியும் ஜெபக்கனியும் ஒரே பேனாவில் போட்டார்கள்.

ஊசி போட்ட ஏழாவது வாரம், காலையிலிருந்து நின்றுவிட்டு விடுதிக்குத் திரும்பிய முப்பிடாதி கட்டிலில் உட்கார்ந்து காலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"ஏட்டி, காலு இருக்கான்னே தெரியலட்டி."

"எனக்கும் அப்படித்தாம்ட்டி" என்றாள் ஜெபக்கனி. "பாவாடைக்குள்ள யாரோ ரெண்டு தூணை வச்சுட்டுப் போன மாதிரி இருக்கு."

இரண்டு பேரும் சிரித்தார்கள். எண்ணெய்ப் பாட்டில் அலமாரிக்குள் போனது.

அலுப்பு போனதும் அதோடு சேர்ந்து வேறு சிலவும் போயின. பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் இருந்த டீ இடைவேளையை யாரும் கேட்கவில்லை என்பதால் நிர்வாகம் எடுத்துவிட்டது. கடை ஒரு மணி நேரம் முன்னதாகத் திறந்தது. சேலைப் பிரிவில் யாரும் கால் மாற்றி நிற்கவில்லை, கவுண்டரில் சாயவில்லை. வரிசையாக, நேராக, சிரித்த முகமாக நின்றார்கள். வாடிக்கையாளர்களுக்கு அது மரியாதையாகத் தெரிந்தது.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால், மதியம் மூன்று மணிக்கு ஜெபக்கனிக்குச் சாப்பாட்டு முறை வந்தது. அன்று காலை ஏழு மணியிலிருந்து ஓரடிகூட நகராமல் நின்றிருந்தாள். பூட்டை விடுவித்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் நடந்தாள். ஐந்தாவது படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "முப்பிடாதி, மூச்சு" என்றாள். முப்பிடாதி ஓடிப்போய்த் தாங்கினாள். ஜெபக்கனியின் உதடு கறுத்துக்கொண்டே வந்தது. கண் ஒரு இடத்தில் நிற்காமல் எதையோ தேடியது. ஆம்புலன்ஸுக்கு யாரோ போன் செய்துகொண்டிருக்கும்போதே முடிந்துவிட்டது. இருபத்திநாலு வயது.

மேனேஜர் அவளை ஒரு விரிப்பால் மூடச் சொல்லிவிட்டு, முப்பிடாதியின் தோளைத் தொட்டுக் கவுண்டரைக் காட்டினார். அங்கே ஒரு குடும்பம் காத்திருந்தது. முப்பிடாதி போய் நின்றாள். 'டக்' என்று கால் பூட்டிக்கொண்டது. பச்சைக் கரை போட்ட சேலையை எடுத்து விரித்துக் காட்டினாள். சேலை இரண்டு தடவை கையிலிருந்து நழுவியது. கால் அசையவே இல்லை.

பதினாறு நாள் கழித்து அதே கடையிலிருந்து இன்னொரு பெண்ணின் உடல், ஜெபக்கனியைக் கொண்டுபோன அதே பிணவறைக்கு வந்தது. அங்கே பிரேதப் பரிசோதனை செய்பவர் டாக்டர் ரெஜினா. இரண்டு உடல்களிலும் முழங்காலில் இருந்த நாரைப் பார்த்துவிட்டு விசாரித்து ஆராவமுதனை வரவழைத்தார். வணக்கம்கூடச் சொல்லாமல் ஒரு தட்டை அவர் முன்னால் நகர்த்தினார். தட்டில் ஒரு முழ நீளத்துக்குக் கருஞ்சிவப்பாக ஏதோ கிடந்தது.

"கெண்டைக்கால் ரத்தக் குழாய்க்குள்ள உறைஞ்ச ரத்தம். பாருங்க, குழாயோட வளைவுகூட அப்படியே இருக்கு. அங்க உருவாகி, அவ நடந்தப்போ கழண்டு, நெஞ்சுக்குப் போய் நுரையீரலை அடைச்சிருச்சு."

"ரெண்டு பேருக்குமா?"

"ரெண்டு பேருக்கும். டாக்டர், இதயம் ரத்தத்தைக் காலுக்குத் தள்ளுது. காலிலிருந்து யார் மேல கொண்டுவர்றா?"

ஆராவமுதனுக்குத் தெரியும். முதல் வருஷ மாணவனுக்குத் தெரிந்த விஷயம். "கெண்டைக்கால் தசை. அது சுருங்குறப்போ ரத்தக் குழாயைப் பிழிஞ்சு மேல அனுப்பும்."

"அது எப்போ சுருங்கும்?"

"நடக்கும்போது. அசையும்போது."

"சும்மா நிக்கும்போது?"

ரெஜினாவே சொன்னார்.

"சும்மா நிக்கிறவங்க யாரும் சும்மா நிக்கிறது இல்ல. அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை இந்தக் கால்ல இருந்து அந்தக் காலுக்கு மாறுவோம். குதிகாலைத் தூக்குவோம். நமக்கே தெரியாது. ஏன் மாறுறோம்? பாதம் வலிக்குது, தொடை அலுக்குது. அலுப்புதான் அந்தப் பம்புக்கு ஸ்விட்ச். நீங்க அதைக் கோளாறுன்னு நினைச்சுக் கழட்டிட்டீங்க."

"குதிரைக்கு இந்தப் பூட்டு இருக்கே. அது சாகலையே" என்றார் ஆராவமுதன். சொல்லும்போதே தன் குரல் தனக்குச் சின்னதாகக் கேட்டது.

"குதிரைக்குக் குளம்புக்குள்ளேயே ஒரு பம்ப் இருக்கு. ஒவ்வொரு தடவை காலை மாத்தி ஊனும்போதும் ரத்தத்தை மேல தள்ளும். குதிரை தூக்கத்துலகூடக் கால் மாத்தும். நீங்க பூட்டை மட்டும் எடுத்துட்டு வந்தீங்க. குளம்பை அங்கேயே விட்டுட்டீங்க."

கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு அவர் நிதானமாகச் சொன்னார். "இந்த உடம்பை யாரோ ஒருத்தர் உட்கார்ந்து வரைஞ்சாரா, இல்ல கோடி வருஷமா ஒட்டுப் போட்டு ஒட்டுப் போட்டு இப்படி ஆச்சா, எனக்குத் தெரியாது. நான் தினம் அறுக்கிறேன், எனக்கே தெரியல. ஒண்ணு மட்டும் தெரியும். இதுக்குள்ள ஒரே ஒரு வேலை மட்டும் பார்க்கிற உறுப்புன்னு எதுவும் இல்ல."

ஆராவமுதன் கடைக்கு ஓடினார். உடனே நிறுத்த வேண்டும் என்றார். கோமதிநாயகம் முழுவதையும் கேட்டுக்கொண்டார்.

"நிக்கும்போது யாரும் சாகல. நடந்தப்போதானே?"

"ஆமா, ஆனா..."

"அப்போ நடக்க வேண்டாம். சாப்பாட்டைக் கவுண்டருக்கே அனுப்பிடலாம்."

ஆராவமுதன் அதிர்ந்துபோய் அவரைப் பார்த்தார். அந்த மனிதர் கேலி செய்யவில்லை. ஒரு சிக்கலுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தார். "சார், எப்பவாவது நடந்துதானே ஆகணும்?" என்றார் ஆராவமுதன்.

"அப்போ ரத்தம் உறையாம இருக்க வழி பண்ணுங்க. மருந்து இருக்குமே."

மருந்து இருந்தது. நாரை எடுத்துவிடலாம் என்று அவர் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. நார் எலும்போடு வளர்ந்திருந்தது, எடுத்தால் பாதிப் பேருக்கு நடையே போகும். இயக்குநர்களும் அவசரப்பட வேண்டாம் என்றார்கள். புதிய ஊசியில் குளம்பின் பம்பையும் வடிவமைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும், அதுவரை மாத்திரை போதும் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மாத்திரையின் அளவை அவரே எழுதிக் கொடுத்தார். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் மதியச் சாப்பாட்டோடு ஒரு வெள்ளை மாத்திரை வந்தது. எதற்கு என்று கேட்டவர்களுக்குச் சத்து மாத்திரை என்று சொல்லப்பட்டது.

மாதம் திரும்பியது. முப்பிடாதிக்கு மாதவிலக்கு வந்து மூன்றாம் நாள். வழக்கத்தைவிட அதிகமாகப் போகிறது என்று காலையிலேயே தெரிந்தது. ஆனால் உடம்பு அசதியாக இல்லை. அசதி இல்லாதபோது லீவு கேட்க வாய் வரவில்லை. கவுண்டரில் நின்றாள். பாதம் மரத்திருந்ததால் செருப்புக்குள் ஈரம் சேர்ந்ததை அவள் உணரவில்லை. பன்னிரண்டு மணிக்குக் காது அடைத்தது. வெளிச்சம் குறைந்த மாதிரி இருந்தது. ஒரு வாடிக்கையாளர் கேட்ட சேலையை எடுக்கக் கையை நீட்டியவள், அப்படியே கவுண்டரின் மேல் கவிழ்ந்தாள்.

கால் மடங்கவில்லை. இடுப்புக்கு மேலே சேலைக் குவியலில் கிடந்தது, கீழே தூண் மாதிரி நின்றது. மேனேஜர் வந்து அவளை நிமிர்த்தி அலமாரியில் சாய்த்து வைத்தார். தலை தொங்கியது. கண் பாதி திறந்திருந்தது. தூரத்தில் இருந்தவர்களுக்கு அவள் வழக்கம்போல் நிற்பதாகத் தெரிந்திருக்கும்.

கூட்டத்தில் ஒரு அம்மாள், நர்ஸாக இருந்து ஓய்வுபெற்றவர், கத்தினார். "கிடத்துங்கய்யா! கீழ கிடத்துங்க அந்தப் பொண்ணை! மயக்கம் போட்டவளை நிக்க வச்சா மூளைக்கு ரத்தம் எப்படிய்யா போகும்? விழத்தானே மயக்கமே வருது!"

ஐந்து நிமிஷம் ஆகியிருந்தது. நான்கு பேர் சேர்ந்து கட்டையைச் சாய்ப்பது போல அவளைச் சாய்த்தார்கள். அப்போதுதான் அவள் நின்ற இடத்தில் தரை சிவந்திருந்ததைப் பார்த்தார்கள்.

முப்பிடாதி பிழைத்தாள். நடந்தாள், பேசினாள், ஊர்ப் பெயரும் அம்மா பெயரும் சொன்னாள். நிறங்களின் பெயர்கள் மட்டும் அவளிடமிருந்து போய்விட்டன. கண்ணுக்குத் தெரிந்தது, வாய்க்கு வரவில்லை. பட்டுச் சேலைப் பிரிவில் அப்படி ஒருத்தியை வைத்துக்கொள்ள முடியாது என்று கடை அவளை அனுப்பிவிட்டது.

டாக்டர் ரெஜினா அரசுக்கு விடாமல் எழுதிப் போட்டதில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. மூன்று பேர். முப்பிடாதி அவர்கள் முன்னால் நின்றாள். நடுவில் இருந்தவர் கனிவாகத்தான் கேட்டார்.

"அன்னைக்கு உங்களுக்கு வலி இருந்ததாம்மா?"

"இல்ல சார்."

"ரொம்ப அலுப்பா இருந்ததா?"

"இல்ல சார்."

"உடம்பு முடியலைன்னு மேனேஜர்கிட்ட சொன்னீங்களா?"

"சொல்லல சார்."

"அப்போ என்ன குறைன்னு சொல்றீங்க?"

"அலுப்பு வரல சார். அதுதான் குறை. வந்திருந்தா ஜெபக்கனி உக்காந்திருப்பா."

குழு அதை எழுதிக்கொண்டதா என்று தெரியவில்லை. அடுத்து ஆராவமுதனைக் கூப்பிட்டார்கள். சொல்வதற்கு நிறைய வைத்திருந்தார். பதினான்கு பக்கம் எழுதியும் கொண்டுவந்திருந்தார். அவர்கள் ஒரே கேள்விதான் கேட்டார்கள்.

"உங்க பூட்டு எதுக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையைச் சரியாச் செய்யுதா?"

பின்வரிசையில் நிறுவனத்தின் வக்கீல் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பக்கத்தில், ஜன்னலோரம் நின்று அழுத அந்தப் பழைய நோயாளியையும் கூட்டிவந்து உட்காரவைத்திருந்தார்கள்.

"செய்யுது" என்றார் ஆராவமுதன்.

"நன்றி டாக்டர்."

காகிதங்கள் கையிலேயே இருந்தன. இறங்கி வந்துவிட்டார். வெளியே ரெஜினா அவரை ஒரு தடவை பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

பூட்டுக்கு அனுமதி தொடர்ந்தது. சம்மதப் படிவம் இனிமேல் எளிய தமிழில் இருக்க வேண்டும் என்று குழு கண்டிப்பாகச் சொன்னது. அடுத்த ஒரு வருஷத்தில் பாத்திரக் கடை, நகைக் கடை, விமான நிலையம், காவலாளி வேலை என்று எல்லா இடத்திலும் பூட்டுப் போட்டவர்கள் நின்றார்கள். வேலை விளம்பரங்களில் 'பூட்டு உள்ளவர்கள் மட்டும்' என்ற வரி வழக்கமாகிவிட்டது.

ஆராவமுதன் நிறுவனத்தை விட்டு விலகி அம்பத்தூரில் சொந்தமாக ஒரு கிளினிக் வைத்துக்கொண்டார். தசை நோயாளிகளைத் தவிர வேறு யாருக்கும் ஊசி போடுவதில்லை என்று முடிவு செய்தார். நாரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து எடுக்கும் சிகிச்சை ஒன்றையும் கண்டுபிடித்திருந்தார். ஒன்பது பேருக்குச் செய்து பார்த்ததில் ஏழு பேர் ஒழுங்காக நடந்தார்கள். மற்றவர்களும் வருவார்கள் என்று காத்திருந்தார். யாரும் வரவில்லை.

ஒரு நாள் காலை பத்து மணிக்கு முப்பிடாதி வந்தாள். கூடவே பத்தொன்பது வயதில் ஒரு பெண்.

ஆராவமுதன் எழுந்து நின்றார். "வாம்மா. உனக்குத்தான் காத்திருந்தேன். ரெண்டே மாசத்துல எடுத்துடலாம். வலி கொஞ்சம் இருக்கும். ஆனா..."

"எனக்கு இல்ல சார்" என்றாள் முப்பிடாதி. "இது என் தங்கச்சி, இசக்கியம்மா. இவளுக்குப் பூட்டுப் போட்டுவிடணும்."

அவர் உட்கார்ந்துவிட்டார். "நீயா கேட்கிற? ஜெபக்கனிக்கு என்ன ஆச்சுன்னு நீதானே பார்த்த?"

"பார்த்தேன் சார். ஊர்ல மழை இல்ல. எனக்கு வேலை இல்ல. இவ போகாத கடை இல்ல. எல்லா எடத்துலயும் மொதக் கேள்வியே பூட்டு இருக்கான்னுதான் கேக்காங்க."

"நான் போட மாட்டேன்."

"கோயில்பட்டில ஒரு ஆளு போடுதான் சார். மாட்டு டாக்டர்கிட்ட கம்பவுண்டரா இருந்தவன். போன மாசம் எங்க தெருப் பொண்ணு ஒண்ணுக்குப் போட்டு, ஒத்தக் காலு சீழ் வச்சு எடுத்துட்டாங்க. அதான் உங்ககிட்ட கூட்டியாந்தேன். நீங்க சுத்தமாப் போடுவீங்க."

அவள் குரலில் குத்தலோ கோபமோ இல்லை. நல்ல தையற்காரரைத் தேடி வந்தவள் போலத்தான் பேசினாள்.

"இவளும் அப்படிச் செத்துப்போனா?" என்றார் அவர்.

"சாக மாட்டா சார். நான் வீட்ல இருந்து யோசிச்சு யோசிச்சு ஒரு வழி வச்சிருக்கேன். ஒண்ணுல இருந்து முப்பது வரைக்கும் எண்ணணும். முப்பது வந்ததும் பூட்டை விட்டு ரெண்டு குதிகாலையும் தூக்கி எறக்கணும். மறுபடி ஒண்ணுல இருந்து எண்ணணும். அம்புட்டுதான். உடம்பு சொல்லாட்டா நாமதான் அதுக்குச் சொல்லணும். மூணு மாசமா இவளைப் பழக்கியிருக்கேன்."

"பன்னெண்டு மணி நேரமுமா எண்ணுவா? கஸ்டமர் பேச்சுக் கொடுத்தா?"

"பேச்சு வாயில இருக்கணும், எண்ணிக்கை மனசுல ஓடணும். இசக்கி, சாருக்குச் செஞ்சு காட்டு."

இசக்கியம்மா சுவரோரம் நேராக நின்றாள். உதடு மெல்ல அசைந்தது. குதிகால் உயர்ந்து இறங்கியது. உதடு மறுபடி அசைந்தது. ஆராவமுதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை. ஆரோக்கியமான ஒரு காலைக்கொண்டு, அந்தக் கால் தானாகவே செய்கிற வேலையை, அந்தப் பெண் எண்ணி எண்ணிச் செய்துகொண்டிருந்தாள்.

அவர் கோயில்பட்டி ஆளை நினைத்தார். அந்தச் சீழ் பிடித்த காலை நினைத்தார். பிறகு எழுந்து கையைக் கழுவிக்கொண்டார். பாத நரம்பு மருந்தை மட்டும் விட்டுவிடலாமா என்று கேட்டார்.

"வேண்டாம் சார். வேலைக்குச் சேக்கும்போது பாதத்துல ஊசியால குத்திப் பாப்பாங்க. மொகம் சுழிச்சா அனுப்பிருவாங்க" என்றாள் முப்பிடாதி.

செல்களை எடுத்துப் பக்குவப்படுத்த மூன்று வாரம் ஆனது. குறித்த நாளில் இருவரும் வந்தார்கள். அவர் ஆறு ஊசியையும் போட்டார். நன்றாக, சுத்தமாகப் போட்டார். நார் வளர நாளாகும். பாத நரம்பு உடனே அடங்கிவிடும். இசக்கியம்மா கட்டிலிலிருந்து இறங்கித் தரையை ஊன்றிப் பார்த்துவிட்டு, "ஏக்கா, தரையே தெரியலக்கா" என்று சிரித்தாள்.

"சிரிக்காத. எண்ணு" என்றாள் முப்பிடாதி.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு உதட்டை அசைக்க ஆரம்பித்தாள். ஆராவமுதன் பதிவேட்டைத் திறந்தார்.

"இனிஷியல் என்னம்மா?"

"மு. இசக்கியம்மாள் சார்."

"எந்த ஊர்?"

இசக்கியம்மா ஊர்ப் பெயரைச் சொன்னாள். தபால் நிலையமும் சொன்னாள். பிறகு பேச்சு நின்றது. உதடும் நின்றது. அவள் மெதுவாகத் திரும்பி முப்பிடாதியைப் பார்த்தாள்.

"யக்கா, எத்தனையில விட்டேன்?"